கரைக் கட்டம்

ஐந்து நாளைக்கொருமுறை, காலை பத்தரை கழியும்போது
பேரை வாவிக்கு மேலால் அது போகும்.
சத்தமில்லை. நிழலில்லை.
அந்த நேரத்தில் நான் தண்ணீரின் நடுவில்
ஒரு போத்தலோடு இருக்கவேண்டும்.
வானம் கண்டதை வாவி ஒத்துக்கொள்கிறதா
என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
திலினி மேடம் இதற்கு வைத்திருக்கும் பெயர்
இன்னும் கம்பீரமானது.

படகு துவான் ராஸிக்கினுடையது.
மற்ற நாட்களில் அன்னப் படகுகளுக்குச் செயின் மாற்றுகிறவர்.
கறுப்பும் வெள்ளையுமான தட்டைக் கயிற்றில் இறக்குவேன்;
அது கண்ணைவிட்டு மறையும் இடத்தில்
கயிற்றைக் கிள்ளிப் பிடிப்பேன்.
"ஒரு சாண், நாலு விரல்" என்பார் ராஸிக்.
முப்பது சென்ரிமீற்றர் என்று எழுதுவேன்.

"மேலேருந்து பார்த்தா என்னைத் தெரியுமா, மிஸ்?"
தெரியாது.
பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் ஒரு கட்டம்.
நீங்கள், நான், படகு,
அந்தக் கம்பத்தில் இருக்கிற கூழைக்கடா,
எல்லாம் சேர்ந்து ஒரே நிறம்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப தொப்பி வெயிலுக்கு மட்டுந்தான்."

ஒக்டோபரில் ஆறுமுறை கடந்தது.
ஆறும் முகில்.
முகிலை வெட்ட ஒரு கட்டளை உண்டு,
முகிலின் நிழலை வெட்ட இன்னொன்று.
தாமரைக் கோபுரத்தின் நிழலுக்கு ஒன்றுமில்லை;
அதை நான் கையால் வெட்டினேன்,
பழைய சட்டையிலிருந்து பொத்தான் வெட்டுவதுபோல.

பெப்ரவரியில் ஒரு நாள் வானம் துடைத்துக் கிடந்தது.
வந்த படத்தில் வாவி
அம்மியில் விட்டுப்போன வல்லாரைச் சம்பல்.
கண் எட்டாத ஒரு சிவப்பில்
பாசி கொஞ்சம் அதிகமாக மினுங்கும்.
அந்தக் கொஞ்சத்தில்தான் எங்கள் கணக்கெல்லாம் நிற்கிறது.

கரையோரம் மட்டும் ஒரு வரிசைக் கட்டங்கள்
பாதி தண்ணீர், பாதி தகரக் கூரை.
வாவி என்றும் சொல்லமுடியாது, வீடு என்றும் சொல்லமுடியாது.
விதிப்படி நீக்கவேண்டும்.
நீக்கினேன்.
வாவி ஒரு சுற்று மெலிந்தது.
வரைபு நேராகி, மேடம் சிரித்தார்.

பின்னேரம் கந்தோர் வெறிச்சோடியபிறகு
நீக்கியவற்றில் ஆகக் கறுத்த ஒன்றின் இலக்கங்களை
சும்மா போனில் போட்டுப் பார்த்தேன்.
ஊசி வந்து குத்திய இடம் கொம்பனித்தெரு.
நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்சுவர்.

அங்கே ஒரு குழாய் இருக்கிறது, ஆறங்குலம்.
எட்டுக் குடும்பத்தின் குளிப்பும் கழுவலும்
மற்றதும்.
"அது மெயின் கானுக்குப் போகுது புள்ள"
என்றிருந்தார் வீட்டுக்கார பௌசியா, சாவி தந்த அன்று.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.
வாடகை குறைவு.

விடிய ஆறுக்கு நான் ஊற்றிய வாளி
பத்தரைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்?
இத்தனை நாளும் ஐஸ் பெட்டியில் வைத்துக்
குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போனேனே
அதில் எத்தனை பங்கு என்னுடையது?

அடுத்த முறை
"நடுவுக்கு வேண்டாம்" என்றேன்.
ராஸிக் ஒன்றும் கேளாமல் துடுப்பைத் திருப்பினார்.
மேலே கம்பியில் என் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.
தட்டை இறக்கினேன்.
கயிறு நனையுமுன்னமே தட்டைக் காணோம்.
ராஸிக் விரலை நீட்டி, மடக்கி,
பேசாமல் இருந்தார்.

குழாய் ஒருமுறை செருமியது.
பிறகு நுரை, எலுமிச்சை வாசத்தோடு.
யாரோ சட்டி கழுவுகிறார்கள்.
பத்து முப்பத்திரண்டு.
அண்ணாந்து பார்க்கவேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை.

மாதிரி பதின்மூன்று. நிறம்: கறுப்பு.
இடம் என்றிருந்ததில்
நாற்பத்தேழின் கீழ் இரண்டு என்று எழுதினேன்.
"இது கணக்கில வருமா?"
வராது, இது நீக்குகிற கட்டம்.
"அப்ப எதுக்கு?"

அன்று போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை.
நூற்று முப்பத்தெட்டாம் பஸ்ஸில்
பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுளித்து,
என் பையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
எழும்பிப் போய் நின்றுகொண்டார்.